பெயருக்குக் கீழே ஒரு வரி

அத்தியாயம் 14

கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கி, "நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று செல்வாம்பாள் உத்தரவு போட்டாளே, அங்கேதான் போன வாரம் நிறுத்தினோம். அந்த உத்தரவைக் கேட்டுப் புதுச்சேரி நெல்லித்தோப்பிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள் மகன் வெற்றிச்செல்வன்தான். ஒரு நாள் தப்பித்தோமே!

பூஜையில் வைத்ததைப் படிக்கக் கூடாது. படிக்காமல் திருத்த முடியாது, திருத்தாமல் அச்சடிக்கவும் முடியாது. ஆயுத பூஜை முழுவதும் பையன் பொரியைத் தின்றுகொண்டு வீட்டுக்குள் நிம்மதியாகத் திரிந்தான்.

ஆனால் விஜயதசமி விடியாமல் இருக்குமா? விடிந்துவிட்டது.

"எடுடா அதை. சத்தமா படி," என்றார் அப்பா தெய்வசிகாமணி. குளித்து, விபூதி பூசி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக இருந்தார்.

வெற்றி படித்தான். முருகன் துணை, நிகழும் மங்களகரமான கார்த்திகை மாதம், எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. "திருவளர்செல்வன் தெ. வெற்றிச்செல்வன், எம்.சி.ஏ." என்ற இடம் வந்ததும் குரல் இறங்கியது. அதற்குக் கீழே இருந்த வரியை அவன் கிட்டத்தட்ட முனகினான்.

"சாஃப்ட்வேர் இன்ஜினியர், சென்னை."

"அதை இன்னொரு தடவை படி. காதுல விழல," என்றார் அப்பா. அவருக்கு நன்றாகவே விழுந்தது. இன்னொரு முறை கேட்க ஆசை, அவ்வளவுதான்.

சமையலறையிலிருந்து செல்வாம்பாளும் எட்டிப் பார்த்தாள். "அந்த வரிய மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. சம்பந்தி வீட்டுல எல்லாருகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டுத் திரியறாங்களாம்."

சம்பந்தி புருஷோத்தமன் பத்திர எழுத்தர். முப்பது வருஷமாகக் கிரயப் பத்திரம் எழுதுகிறவர், எந்தக் காகிதத்தையும் விரலை வைத்து ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவர் பெண் பூர்ணிமா அதே ஊரில் சாரம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிச்சயம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது.

வெற்றியின் பையில் இரண்டு கடிதங்கள் இருப்பது இவர்கள் யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். ஒன்று சென்னைக் கம்பெனி கொடுத்தது: புது புராஜெக்ட், மேல் பதவி, இன்னும் இரண்டு வருஷம் புரோகிராம் எழுத வேண்டும். இன்னொன்று புதுச்சேரியிலேயே ஓர் அறுபது படுக்கை ஆஸ்பத்திரி கொடுத்தது: நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலை. சம்பளம் குறைவு. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கடிதத்தைக் கிழிப்பது என்று அவன் மனசு ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு பண்ணிவிட்டது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

"அப்பா... அந்த வரில ஒரு திருத்தம் இருக்குப்பா."

"எழுத்துப் பிழையா?"

"பிழை இல்ல..."

நல்ல நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது. மறுமுனையில் சந்திரகலா, ஆஸ்பத்திரியின் அலுவலக மேலாளர். "தம்பி, காலைலேர்ந்து ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யல. பில் போட முடியல, லேப் ரிசல்ட் வரல. வெளிய ஜனம் கத்துது. கொஞ்சம் வர முடியுமா?"

வெற்றி சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியைத் தேடினான். "அந்த அறுபது படுக்கை ஆஸ்பத்திரில கம்ப்யூட்டரெல்லாம் நின்னுடுச்சாம், கூப்பிடறாங்க. அச்சுக்குக் குடுத்துடாதீங்கப்பா. நான் வந்துட்டுச் சொல்றேன்."

"டேய், பன்னெண்டு மணிக்கு ராகு காலம்! பக்கிரி மெஷினுக்குப் பூஜை போட்டுட்டுக் காத்துட்டு இருப்பான்!"

பைக் தெருமுனை திரும்பிவிட்டது.

அச்சகம் வைத்திருக்கும் பக்கிரிக்கு ஒரு வழக்கம். விஜயதசமியன்று மெஷினை மறுபடி ஓட்டும்போது முதல் வேலை கல்யாணப் பத்திரிகையாகத்தான் இருக்க வேண்டும். பில் புத்தகமோ நோட்டீசோ முதலில் ஓடினால் வருஷம் முழுக்க அதுவேதான் ஓடும் என்பது அவர் கணக்கு. இந்த வருஷம் அந்த முதல் வேலை நம் வெற்றிச்செல்வன் கல்யாணம்.

பத்தரைக்கு பக்கிரி போன் செய்தார். பத்தேமுக்காலுக்கு மறுபடியும். பதினோரு மணிக்கு தெய்வசிகாமணியின் பொறுமை தீர்ந்தது. சென்னைக் கம்பெனி ஆளை எதற்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள் என்ற கேள்வி வேறு அவரைக் குடைந்தது. புரூஃபை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் திருவிழாக் கூட்டம். மருந்து வாங்க ஒரு வரிசை, பில் கட்ட ஒரு வரிசை, இரண்டும் நகரவில்லை. "பணத்தைக் கையில வச்சிட்டு நிக்கிறோம், வாங்க ஆளில்லையா?" என்று ஒருவர் கவுன்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். விசாரித்து விசாரித்து உள்ளே போன தெய்வசிகாமணி கடைசியில் ஒரு சின்ன அறை வாசலில் நின்றார்.

அவருடைய எம்.சி.ஏ. பிள்ளை மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். வாயில் டார்ச் விளக்கு. தலைமுடியில் ஒட்டடை. நேற்று பூஜையில் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கெல்லாம் தாராளமாக வைத்த குங்குமம் இப்போது அவன் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

"இது இன்னாடா கோலம்?"

டார்ச்சைக் கடித்தபடி அவன் கையை மட்டும் ஆட்டினான். பக்கத்தில் நின்ற சந்திரகலா முகம் மலர்ந்து, தெரியாத்தனமாக எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

"உங்க பையனா சார்? மூணு சனிக்கிழமை வந்து இந்த வயரையெல்லாம் இவருதான் இழுத்துக் குடுத்தாரு. அடுத்த மாசம் இங்கயே சேந்துட்டாருன்னா எங்களுக்குக் கவலையே இல்ல."

மூன்று சனிக்கிழமை. கூடப் படித்தவனைப் பார்க்கக் காலாப்பட்டுக்குப் போகிறேன் என்று பையன் சொல்லிவிட்டுப் போன அதே மூன்று சனிக்கிழமை. தெய்வசிகாமணி பிளாஸ்டிக் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

வெற்றி டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். "அப்பா, ரெண்டு நிமிஷம். இதை முடிச்சிட்டு வந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கிறேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவன் என்ன செய்கிறான் என்று கண் போய்விட்டது. தொழில் புத்தி யாரை விட்டது?

சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டி. ஹப் என்பார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டர்களின் வயரும் அதில்தான் வந்து சேருகிறது. இருபத்துநான்கு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. சாதாரணமாக ஒன்று இங்கே மினுக்கும், ஒன்று அங்கே மினுக்கும். இப்போது எல்லாமே பேய் பிடித்தது மாதிரி ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன.

வெற்றி மேல் வரிசை வயர்கள் பன்னிரண்டையும் பிடுங்கினான். கீழ் வரிசையில் துடிப்பு அடங்கவில்லை.

'இன்னும் பாதியை எடு' என்று தெய்வசிகாமணியின் மனசு சொன்னது. அதே நேரத்தில் அவன் கை ஆறு வயர்களைப் பிடுங்கியது. விளக்குகள் சட்டென்று அமைதியாயின.

இப்போது அந்த ஆறையும் ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும். அவர் மொபெட் சாவியை வேட்டி மடிப்பில் செருகிவிட்டு, கீழே கிடந்த டார்ச்சை எடுத்து அவன் கைக்கு வெளிச்சம் பிடித்தார். யாரும் கேட்கவில்லை. அவருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. மின்துறையில் முப்பத்திரண்டு வருஷம் அவர் செய்தது இதுதான். தெருவில் கோளாறு என்றால் பாதித் தெருவை வெட்டிப் பார்ப்பது, பிறகு அதில் பாதி.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வயரைச் சொருகியதும் பேய் திரும்ப வந்தது.

வெற்றி அந்த வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனான். மேஜைக்குப் பின்னால் போயிற்று, சுவரை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பி அதே பெட்டிக்கே வந்து இன்னொரு ஓட்டையில் ஏறியிருந்தது. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில்! உள்ளே போன செய்தி வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து வேறெதற்கும் இடம் விடாமல் அடைத்துவிட்டது.

"நேத்து பூஜைக்கு இந்த ரூமை யாரு சுத்தம் பண்ணது?"

வாசலில் நின்ற கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைத்து, பூஜை நாளில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கிறவர் அவர்.

"நான்தான் தம்பி. எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வச்சேன். இது மட்டும் ஒரு முனை சும்மா தொங்கிச்சு. இங்க பாத்தா ஒரு ஓட்டையும் காலியா இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா மூளியா விடக் கூடாதேன்னு சொருகிட்டேன்."

வெற்றிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "அது புதுசா வாங்கப்போற கம்ப்யூட்டருக்கு விட்ட வயருண்ணே. அடுத்த வருஷம் பொட்டு மட்டும் வைங்க." ஒரு முனையை உருவினான். மற்ற வயர்களையும் ஏற்றினான்.

ஐந்து விநாடி. பத்து விநாடி.

"வந்துடுச்சு!"

பில் கவுன்டரிலிருந்து நாலு பெண் குரல்கள் ஒன்றாகக் கத்தின. மருந்துக் கவுன்டரில் யாரோ விசில் அடித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே "ஹோ" என்றார்கள். பிரின்டர்கள் கரகரக்கத் தொடங்கின.

தெய்வசிகாமணி டார்ச்சை அணைக்க மறந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்த வெற்றிக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டப் போகிறார் என்று மட்டும் நினைத்தான்.

சைக்கிள் ஸ்டாண்ட் ஓரம் அப்பாவும் மகனும் நின்றார்கள். மணி பதினொன்று இருபது.

"சென்னை வேலை இன்னா கசக்குதா?"

"கசக்கலப்பா. என் ரூம்ல இருக்கிறவனுக்கு புரோகிராம் எழுத ஒக்காந்தா சோறு தண்ணி வேணாம். எனக்கு எழுத வருது, புடிக்கல. எட்டு மாசமா ஒரு பெரிய புரோகிராம்ல ஒரே ஒரு துண்டை எழுதறேன். அது எங்க போவுது, யாரு வச்சிக்கிறா, எதுவும் தெரியாது. இங்க அறுந்தா உடனே தெரியுது, சேத்தா உடனே தெரியுது."

தெய்வசிகாமணி வலது கையை நீட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வருஷம், ஒரு மழை நாளில், மின்கம்பத்தில் வாங்கிய ஷாக்.

"இதைப் பாத்து வளந்தவன்தானே நீ? கம்பிய புடிச்சது என்னோட போகட்டும், எம்புள்ள ஏசி ரூம்ல ஒக்காரணும்னு நெனச்சேன்டா."

"இங்கயும் ஏசி இருக்குப்பா. எனக்கில்ல, கம்ப்யூட்டருக்கு."

சிரிக்கக் கூடாது என்று அவர் பார்த்தார். மீசை காட்டிக் கொடுத்துவிட்டது.

"நேரம் காலம் இல்லாம போன் வரும்."

"வரும்."

"தீபாவளிக்கு வரும். பந்தில கைய நனைப்ப, அப்ப வரும்."

"நீங்க போகலியாப்பா? கல்யாணம் முடிஞ்ச சாயங்காலமே பட்டு வேட்டியோட கம்பத்துல ஏறினீங்கன்னு அம்மா இன்னும் சொல்லிக் காட்டறாங்க."

"அதான்டா சொல்றேன். உங்கம்மாகிட்ட அந்தப் பாட்டு வாங்கறது நான்தானே!" என்றார். பிறகு யாருக்கோ சொல்வது போல மொபெட்டின் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கரண்டு வந்ததும் தெருவுல புள்ளைங்க ஹோன்னு கத்தும் பாரு. அதைக் கம்பத்து மேலேர்ந்து கேக்கணும். வேலை முடிஞ்சிருக்கும், எறங்கலாம். ஆனா எறங்காம கொஞ்ச நேரம் அங்கயே ஒக்காந்திருப்பேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

ஒரு மாதமாக வெற்றியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அழுதுவிடப் போகிறோம் என்று பயந்து சுவரில் இருந்த கரண்ட் மீட்டர் பெட்டியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

"அது கெடக்கட்டும். பூர்ணிமாவுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"அடப்பாவி! ஆஸ்பத்திரிக்கே தெரிஞ்சிருக்கு, கட்டிக்கப் போறவளுக்குத் தெரியாதா? போடுடா போனை!"

பூர்ணிமா அப்போது சாரத்தில் தன் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். விஜயதசமி என்பதால் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில், அழுகிற ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருந்தது. கல்யாணம் ஆகிச் சென்னைக்குப் போகிற பெண்ணுக்கு இங்கே என்ன வேலை, நல்ல நாளாகப் பார்த்துக் கொடுத்துவிடு என்று அப்பா புருஷோத்தமன் சொல்லியிருந்தார். காலையிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பிவிட்டாள்.

வெற்றி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் மட்டும் வந்தது.

"பூர்ணிமா?"

"உங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"பக்கத்துலதான் நிக்கிறாரு."

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு. அப்பாவுக்குச் சொல்லியாச்சு. பத்திரிகை அச்சுக்குப் போறப்போ என் ஞாபகம் வந்துச்சா?"

"தப்புதான்," என்றான்.

"தப்புதான். இதை நான் மறக்க மாட்டேன்," என்றாள். ஆனால் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நிச்சயத்தன்னிக்கு உங்க கம்பெனியைப் பத்தி எங்க மாமா எவ்வளவோ கேட்டாரு. நீங்க ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லல. எங்க வீட்டு ஃபேன் ஏன் கடகடங்குதுன்னு கேட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிட்டீங்க. அன்னிக்கே நெனச்சேன், இந்த மனுஷன் அந்த வேலைல ரொம்ப நாள் இருக்க மாட்டாருன்னு."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"சொல்லாததுக்கு இருக்கு. வேலைக்கு இல்ல. சம்பளம் கொறஞ்சா என்ன, நானும் சம்பாதிக்கிறேன். ஆமா, அந்தப் பத்திரிகைல என் பேருக்குக் கீழ இன்னா போட்டிருக்கு?"

வெற்றி புரூஃபைப் பிரித்தான். "திருவளர்செல்வி பு. பூர்ணிமா, பி.எஸ்ஸி., பி.எட்." அதற்குக் கீழே வெறும் இடம். ஒரு மாதமாகத் தன் பெயருக்குக் கீழே இருந்த வரியையே பார்த்துப் பார்த்து மருகினவன், அவள் பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பதை இப்போதுதான் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

"ஒண்ணும் போடல பூர்ணிமா."

"ஆசிரியை, புதுச்சேரின்னு போடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்துல. எங்கப்பாகிட்ட மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க யாரும் அவருகிட்ட வாயைத் திறக்காதீங்க."

போனை வைத்ததும் அவள் கைப்பையைத் திறந்தாள். கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த குழந்தையின் விரலைப் பிடித்தாள். அந்தக் குழந்தையும் அழுதது. பூர்ணிமாவுக்கு அன்று அதுகூட இனிமையாகத்தான் இருந்தது.

பக்கிரியின் அச்சகத்துக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. மெஷினுக்கு மாலை போட்டிருந்தது. பக்கிரி மாவிலைத் தோரணத்துக்கு அடியில் நின்று வாட்ச்சையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி பேனாவை வாங்கினார். மடங்காத இரண்டு விரல்களையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அந்த வரியைத் தானே அடித்தார். அதற்கு மேலே கோணல் மாணலாக எழுதினார். பிறகு மணமகள் பெயருக்குக் கீழேயும் எழுதினார்.

பக்கிரி எட்டிப் பார்த்தார். "நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டரா? அது இன்னா வேலைங்க?"

"நான் பாத்த வேலைதான்," என்றார் தெய்வசிகாமணி. "கம்பம் மட்டும் இல்ல."

சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருப்பார்.

அங்கேயே கம்ப்யூட்டரில் இரண்டு வரியையும் மாற்றித் அச்சுத் தகடு எடுத்தார்கள். ராகு காலம் பிறக்க ஒரே ஒரு நிமிஷம் இருக்கும்போது மெஷின் ஓடியது. பக்கிரி பெருமூச்சு விட்டு, முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தட்டில் வைத்தார்.

"மொதப் பத்திரிகைய யாரு கையில குடுக்கறது?"

"எங்கிட்ட குடுங்க. ஒரு எழுத்து விடாம பாத்துடறேன்," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

புருஷோத்தமன்! நல்ல நாளில் முதல் பத்திரிகை அச்சாவதைச் சம்பந்தியும் வந்து பார்க்கட்டும் என்று முந்தாநாளே அவரைக் கூப்பிட்டிருந்ததாகப் பக்கிரி பிறகு சொன்னார். பூர்ணிமா சாப்பிட வீட்டுக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவர் தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். கிரயப் பத்திரம் படிக்கிற மாதிரியே ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார். முருகன் துணை. விரல் இறங்கியது. நிகழும் மங்களகரமான. இறங்கியது. மணமகன் பெயர். அதற்குக் கீழே வந்து நின்றது. நின்ற விரல் அசையவில்லை.

பிறகு அது மெல்ல மணமகள் பெயருக்குப் போயிற்று. அங்கேயும் கீழே ஒரு வரி. அங்கேயும் நின்றது.

புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க. பேசணும்."

வெற்றிச்செல்வன் ஓரடி எடுத்து வைத்தான். அவன் தோளில் ஒரு கை விழுந்தது. இரண்டு விரல் மடங்காத கை.

"இரு," என்றார் தெய்வசிகாமணி. "நானும் வரேன்."